மழை வந்த பிறகும் வாடிக்கையாளர் இருப்பாரா? அம்பத்தூரில் ஒரு தண்ணீர்த் தொழில் கணக்கு

இந்த எபிசோட் ஒரு நேயர் கேட்ட கேள்வியிலிருந்து வருகிறது. ஆவடியில் இருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை. ஏழு வருஷ சேமிப்பு கையில் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, சின்னத் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் மறுசுழற்சி செய்துகொடுக்கிற தொழில் ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார். "நெருக்கடியிலதான் நல்ல பிசினஸ் பிறக்கும்னு எல்லாரும் சொல்றாங்க ப்ரோ. 2019 மாதிரி இன்னொரு வறட்சி வந்தா நான் ரெடியா இருக்கணும்." இதுதான் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பிக்கலாம். ஆனால் 2019 திரும்ப வரும் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்க வேண்டாம். ஏழு வருஷ சேமிப்பு விஷயம் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் 2019-ல் என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளையும் சேர்த்தால் மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம் தண்ணீர்கூட இல்லை. மெட்ரோ வாட்டர் வழக்கமாகக் கொடுத்துவந்த நாளொன்றுக்கு 83 கோடி லிட்டரை 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. ஹோட்டல்களில் மதியச் சாப்பாடு குறைந்தது. ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். (ஒர்க் ஃப்ரம் ஹோம் கொரோனாவில்தான் வந்தது என்று நினைக்கிறவர்களுக்கு: சென்னைக்கு அது முதலில் வந்தது தண்ணீரால்.) நம்ம பக்கம் மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரத்தில், கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கிக் கிடந்த தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்து ஊருக்கு அனுப்பினார்கள்.

ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், ஆக மொத்தம் 25 லட்சம் லிட்டர். ஆவடி, அம்பத்தூர் வழியாகப் போய் வில்லிவாக்கத்தில் நின்றது. டிவியில் பார்க்க பிரம்மாண்டமாக இருந்தது. 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் அது வெறும் 208 லாரி.

அந்த வருஷம் சென்னையில் நெருக்கடியைப் பயன்படுத்தி நடந்த மிகப் பெரிய தொழில் எது? ஸ்டார்ட்அப் எதுவும் கிடையாது. தண்ணீர் லாரிதான். பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்தும் போர்களிலிருந்தும் எடுத்து ஊருக்குள் விற்றார்கள். விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போனது. சுற்றுச்சூழல் கோணத்தில் பார்த்தால் இது வறட்சியைத் தீர்க்கவில்லை. நகரத்தின் வறட்சியைப் பக்கத்து கிராமத்துக்கு மாற்றிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் தொழிலாகப் பார்த்தால் லாரிக்காரரிடம் ஒரு சௌகரியம் இருந்தது. மழை வந்தால் அதே லாரி குறைந்த விலைக்கு ஓடும். ஓட்டம் இல்லையென்றால் விற்றுவிடலாம்.

ஒரு ஷெட்டில் பதித்த ஆர்.ஓ. பிளான்ட்டை அப்படி விற்க முடியாது. இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் போடுபவை. 12,000 லிட்டர் லாரி சாதாரண நாளில் 1,200 ரூபாய் என்றால், ஆயிரம் லிட்டர் 100 ரூபாய். வறட்சியில் அதே லாரி 3,600 ஆனால், ஆயிரம் லிட்டர் 300. நீங்கள் மறுசுழற்சி செய்து தரும் தண்ணீருக்கு மின்சாரம், மெம்பரேன், கெமிக்கல், ஆள், வங்கித் தவணை எல்லாம் சேர்த்து ஆயிரம் லிட்டருக்கு 150 ரூபாய் செலவு ஆகிறது என்று வையுங்கள். வறட்சியில் நீங்கள் ராஜா. மழை வந்த மறுவாரம், உங்கள் வாடிக்கையாளர் 100 ரூபாய்க்கு லாரி கூப்பிடுவார். உங்கள் பிளான்ட் சும்மா நிற்கும், வங்கித் தவணை மட்டும் நிற்காது.

மழை அவ்வளவு சீக்கிரம் வருமா என்று கேட்டால், சென்னையில் வரும். 2019 ஜூனில் வெடித்துக் கிடந்த அதே செம்பரம்பாக்கத்தில், 2020 நவம்பர் 25-ம் தேதி நிவர் புயல் மழைக்காக ஷட்டரைத் திறந்து உபரி நீரை வெளியேற்றினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு முதல் முறையாக. கணக்குப் போட்டால் நடுவில் 17 மாதம். வறட்சிக்கென்று மெஷின் வாங்க ஐந்து வருஷக் கடன் எடுத்த ஒருவருக்கு, 17-வது மாதம் வெள்ளம். நடுவில் 2020 மார்ச்சில் லாக்டவுன் வேறு.

இன்னொன்றும் பலர் மறந்துவிட்டார்கள். 2019 வாகனத் துறைக்கே மோசமான வருஷம். விற்பனை படுத்து, எண்ணூர் அசோக் லேலண்ட் உட்பட பெரிய தொழிற்சாலைகளே வேலையில்லா நாட்கள் அறிவித்தார்கள். அம்பத்தூரில் பாதி ஷெட்டுகள் வாகன உதிரி பாகங்களை நம்பி இருப்பவை. ஆக, தண்ணீர் இல்லாத அந்த வருஷம் ஆர்டரும் இல்லை. ஆர்டர் இல்லாத முதலாளி புதிதாக மெஷின் வாங்க மாட்டார். "நெருக்கடியில் தேவை கூடும்" என்பது பாதி உண்மை. வாங்குகிறவரிடம் காசும் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் தண்ணீர் மறுசுழற்சியில் யாருமே நிலைக்கவில்லையா? நிலைத்திருக்கிறார்கள். எப்படி என்று பார்த்தால் நம் நேயருக்கு வழி கிடைக்கும்.

பழைய உதாரணம் மணலி. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் (இன்றைய சி.பி.சி.எல்.), மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் இரண்டும் 1990-களின் தொடக்கத்திலேயே நகரத்துச் சாக்கடை நீரை வாங்கி, ஆர்.ஓ. வரை சுத்திகரித்து ஆலைக்குள் பயன்படுத்த ஆரம்பித்தன. காரணம் எளிது. வறட்சி வந்தால் குடிநீருக்குத்தான் முதலிடம், ஆலைக்கு வெட்டு விழும். ஒரு ரிஃபைனரியைத் தண்ணீர் இல்லை என்று நிறுத்தித் திரும்ப ஓட்டுவது, நாம் சர்வரை ரீஸ்டார்ட் செய்வதுபோல் கிடையாது. சாக்கடை நீருக்கோ பருவம் கிடையாது. ஊரில் மனிதர்கள் இருக்கும்வரை அது வரும்.

அதே யோசனையின் பெரிய வடிவம் கோயம்பேட்டில் இருக்கிறது. 2019-ல் கொடுங்கையூர், கோயம்பேடு இரண்டு இடங்களிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீரை மணல் வடிகட்டி, அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், ஆர்.ஓ. என்று தாண்டவைத்துத் தொழிற்சாலைத் தரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கோயம்பேட்டுத் தண்ணீர் குழாய் வழியாகப் பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் பூங்காக்களுக்குப் போகிறது. 4.5 கோடி லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 18 ஜோலார்பேட்டை ரயில், அல்லது 3,750 லாரி. இதை யாரும் டிவியில் நேரலையாகக் காட்டவில்லை!

கோயம்பேடு நிலையத்தைக் கட்டிய வா டெக் வாபாக் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். அவர்கள் கதையே ஒரு நெருக்கடிக் கதைதான். ஆஸ்திரியத் தாய் நிறுவனத்தை 2005-ல் சீமென்ஸ் வாங்கியது. அப்போது ராஜீவ் மித்தல் தலைமையிலான இந்திய நிர்வாகக் குழு, முதலீட்டாளர் துணையோடு இந்தியப் பிரிவைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். 2007-ல் அந்த ஆஸ்திரியத் தாய் நிறுவனத்தையும் சீமென்ஸிடமிருந்து வாங்கினார்கள். குட்டி போய்த் தாயை வாங்கிய கதை. அவர்கள் விற்பது பிளான்ட்டை மட்டும் இல்லை. கட்டிக்கொடுத்துப் பல வருஷம் இயக்கித் தரும் ஒப்பந்தத்தையும் சேர்த்துத்தான். அந்த ஒப்பந்தம் மழை பெய்தாலும் ஓடும்.

நம் நேயரால் கோயம்பேடு மாதிரி கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதில் இருக்கும் லாஜிக்கைச் சின்ன ஷெட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? அதற்குத் திருப்பூரை ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யலில் சாயக் கழிவு ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது என்பதுதான் திரும்பத் திறப்பதற்கான நிபந்தனை. பலர் திறக்கவே இல்லை, சிலர் வேறு ஊர் போனார்கள். தாக்குப்பிடித்தவர்கள் ஆர்.ஓ., ஆவியாக்கி என்று போட்டுத் தண்ணீரை மீட்டார்கள், சாயம் போட உதவும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். செலவு அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே இந்த வேலையைச் செய்துகொடுக்கும் தொழில்கள் இன்றுவரை நிற்கின்றன. ஏனென்றால் நீதிமன்ற உத்தரவு மழையில் கரையாது.

இதுதான் முக்கியமான இடம். ஒரு தொழிற்சாலைக்குள் வருகிற தண்ணீரின் விலை மழையைப் பொறுத்தது. வெளியே போகிற தண்ணீரின் செலவு சட்டத்தைப் பொறுத்தது. உள்ளே வருவதை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று சொன்னால், உங்களுக்கு வறட்சியில்தான் வாடிக்கையாளர். வெளியே போவதைக் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால், நவம்பர் மாத அடைமழையிலும் வாடிக்கையாளர்.

இப்போது அம்பத்தூருக்கு வருவோம். எஸ்டேட்டிலும் சுற்றிலும் நிறைய பிளேட்டிங் ஷெட்டுகள் இருக்கின்றன. போல்ட், பிராக்கெட், பைப் மாதிரி இரும்பு பாகங்களுக்கு நிக்கல், குரோம், துத்தநாகம் முலாம் போடுவது. முலாம் தொட்டியிலிருந்து பாகத்தைத் தூக்கும்போது அதில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கரைசலும் வரும். அதைக் கழுவித்தான் அடுத்த தொட்டிக்குப் போக வேண்டும். அந்தக் கழுவல்தான் தண்ணீரைக் குடிக்கிறது. கழுவிய தண்ணீர் அப்படியே உலோகக் கழிவாகிறது. அதற்குக் கெமிக்கல் போட்டு உலோகத்தைப் படியவைத்து, அந்தச் சேற்றை அபாயக் கழிவு என்று கும்மிடிப்பூண்டிக்கு அனுப்ப வேண்டும். ஆக ஒரு லிட்டர் தண்ணீருக்கு முதலாளி இரண்டு தடவை செலவழிக்கிறார், வாங்க ஒரு தடவை, வெளியேற்ற ஒரு தடவை.

இதற்குப் பழைய, அழகான ஒரு தீர்வு இருக்கிறது. பாகத்தோடு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் கரைசல் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதை ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தால்தான் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கழுவு தொட்டி இருந்தால் மணிக்கு 1,000 லிட்டர் ஓட வேண்டும். எட்டு மணி நேர ஷிஃப்ட்டுக்கு 8,000 லிட்டர்.

இரண்டு தொட்டி வையுங்கள். பாகம் முதல் தொட்டியிலிருந்து இரண்டாவதுக்குப் போகட்டும். தண்ணீர் எதிர்த்திசையில் வரட்டும். நல்ல தண்ணீர் இரண்டாவது தொட்டியில் விழுந்து, அங்கிருந்து வழிந்து முதல் தொட்டிக்கு. ஒவ்வொரு தொட்டியும் 32 மடங்கு நீர்க்கச் செய்தால் போதும், 32 பெருக்கல் 32 என்பது 1,024. (இந்த எண்ணைப் பார்த்ததும் நம்ம சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சிரிப்பு வரும்.) அதே தண்ணீரே இரண்டு தொட்டிக்கும் வேலை செய்வதால் மணிக்குச் சுமார் 32 லிட்டர் போதும். ஷிஃப்ட்டுக்கு 256 லிட்டர். மூன்று தொட்டி என்றால் மணிக்குச் சுமார் 10 லிட்டர்.

இது காகிதக் கணக்கு. நிஜத்தில் தொட்டியில் தண்ணீர் சரியாகக் கலக்காது, குழியுள்ள பாகங்களில் கரைசல் தங்கும், அதனால் இரண்டு மடங்கு ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் 8,000 எங்கே, 500 எங்கே! இதில் ஆர்.ஓ. இல்லை, மெம்பரேன் இல்லை. ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் குழாயும்தான். கூடவே, முதல் தொட்டித் தண்ணீர் இப்போது கெட்டியாக இருப்பதால், சூடான நிக்கல் குளியலில் ஆவியாகிப் போகும் அளவுக்கு அதையே திரும்ப ஊற்றலாம். சாக்கடைக்குப் போயிருக்க வேண்டிய நிக்கல் மிச்சம். ஆனால் அழுக்கும் சேர்ந்தே திரும்பி வரும் என்பதால் குளியலை அடிக்கடி சோதிக்க வேண்டும்.

இவ்வளவு மலிவு என்றால் ஏன் எல்லாரும் செய்வதில்லை? முதல் காரணம் இடம். அம்பத்தூர் ஷெட்டில் இன்னொரு தொட்டி வைக்க நான்கடி தேடுவது பெரும்பாடு. இரண்டாவது, ஒரு முக்குக்குப் பதில் இரண்டு முக்கு என்றால் நேரம். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர் அவசரத்தில் ஒன்றைத் தாண்டிவிடுவார். மூன்றாவது, எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பெரும்பாலான ஷெட்டுகளில் யாரும் அளப்பதே இல்லை. குழாய் திறந்தால் மாலைவரை திறந்தே இருக்கும்.

இந்த மூன்றாவதில்தான் நம் நேயரின் தொழில் இருக்கிறது என்பது என் கருத்து. தொட்டித் தண்ணீரில் உப்பு ஏற ஏற அதன் மின்கடத்தும் திறன் கூடும். அதை அளக்கும் ஒரு சென்சார், ஒரு சொலனாய்டு வால்வு, ஒரு சின்ன கன்ட்ரோலர். தண்ணீர் அழுக்கானால் மட்டும் குழாய் திறக்கும். மெயின்டெனன்ஸ் வேலை தெரிந்தவருக்கு இது கைவந்த கலை. தொட்டியை மாற்றியமைப்பது, சென்சார் மாட்டுவது, மாதம் ஒரு தடவை வந்து சென்சாரைச் சுத்தம் செய்து எண்களை எழுதிக் கொடுப்பது. சர்வீஸ் காசுதான் நிரந்தர வருமானம்.

அளப்பதையே தொழிலாக்கியவர்கள் சென்னையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2015-ல் ஆரம்பித்த வீகாட் என்ற நிறுவனம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு தண்ணீரை சென்சார் வைத்து அளந்து, பயன்பாட்டுக்கு ஏற்ப பில் வருகிற மாதிரி செய்கிறது. யோசித்துப் பாருங்கள், அங்கே விற்கப்படுவது வறட்சி பயம் இல்லை. "நாங்க ரெண்டு பேர், அவங்க வீட்ல ஏழு பேர், ஏன் ஒரே காசு?" என்ற சண்டைக்கான தீர்வு. ஏரி நிரம்பி வழிந்தாலும் அந்தச் சண்டை ஓயாது.

அடுத்து பணம். "நானே பிளான்ட் போடுகிறேன், நீங்கள் லிட்டருக்குக் காசு கொடுங்கள்" என்ற மாடல் பேச நன்றாக இருக்கும். ஆனால் அதில் வாடிக்கையாளரின் ரிஸ்க் முழுக்க உங்கள் தலையில். அந்த ஷெட் மூடினால் உங்கள் சேமிப்பு அங்கேயே தங்கிவிடும். பெரிய முதலீடு இருப்பவர்கள் செய்யட்டும். முதல் இரண்டு வருஷம் நம் நேயர் தொட்டியும் சென்சாரும் வாடிக்கையாளர் காசிலேயே வாங்கவைக்க வேண்டும்.

வசூலும் ஒரு தலைவலி. ஜாப் ஒர்க் செய்கிற ஷெட்டுக்கே பெரிய கம்பெனி காசு 90 நாள் கழித்துத்தான் வரும் என்றால், உங்களுக்கு எப்போது வரும்? சட்டம் என்னவோ உங்கள் பக்கம். 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் பிடி இறுகியிருக்கிறது. கெடுவுக்குள் பணம் தராமல் இழுத்தால், அந்தச் செலவை வாங்கியவர் தன் கணக்கில் பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் கழிக்க முடியும். அதனால் முதல் நாளே உத்யம் பதிவு செய்துவிடுங்கள், பில்லில் அந்த எண்ணைப் போடுங்கள், ஒரு பக்கமாவது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கப்புறமும் போன் பண்ணித்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆறு மாதக் குடும்பச் செலவைத் தொழிலில் சேர்க்காமல் தனியாக வைத்துவிடுங்கள்.

கடைசியாக, வேலையை எப்போது விடுவது? இப்போது வேண்டாம். ஞாயிறும் லீவு நாளும் பத்து ஷெட்டுக்குப் போங்கள். ஒரு பக்கெட், ஒரு ஸ்டாப்வாட்ச் போதும், போனிலேயே இருக்கிறது. கழுவு தொட்டிக் குழாயில் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, சேறு அனுப்ப மாதம் எவ்வளவு செலவு, இந்த மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு ஷெட்டில் சொந்தக் காசு பெரிதாகப் போடாமல் மாற்றிக் காட்டுங்கள். பிறகு அந்த எண்களை எடுத்துக்கொண்டு நவம்பரில், நல்ல மழை நாளாகப் பார்த்து, மற்ற ஒன்பது பேரிடம் விலை பேசுங்கள். மூன்று பேர் அட்வான்ஸ் கொடுத்தால் ராஜினாமா கடிதம் எழுதலாம்.

கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது பிளேட்டிங் ஷெட் வைத்திருந்தால், உங்கள் குழாய் கணக்கையும் அனுப்புங்கள். கம்பெனி பெயர் சொல்லாமல் அடுத்த எபிசோடில் எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் போட்டுப் பார்க்கலாம்.